தாடி கம்பெனிக்குச் சொந்தம்

அந்தக் கம்பெனியில் யாரும் வேலை பார்ப்பதில்லை. எல்லோரும் படைக்கிறார்கள். வாசலில் காவலுக்கு நிற்கிறவர் கழுத்தில்கூட 'நுழைவாயில் காப்பாளர்' என்றுதான் அட்டை தொங்கும். கணினியில் ஆடுகிற விளையாட்டுகளைத் தயாரித்து விற்பது அவர்கள் தொழில். அதை அப்படிப் பச்சையாகச் சொல்லிவிட்டால் மேலிடத்துக்கு மனசு கஷ்டப்படும். 'உலகங்களைப் பிறப்பிக்கிறோம்' என்று சொல்ல வேண்டும். பிறப்பிக்கிற இடம் ஓர் உயரமான கட்டிடத்தின் உச்சித் தளம். அங்கே ஜன்னல்களைத் திறக்க முடியாது, கட்டும்போதே அப்படித்தான் கட்டினார்களாம்.

நம் ஆள் அங்கே ஓவியன். விளையாட்டில் வரும் ராஜா, மந்திரவாதி, பூதம் எல்லோருக்கும் முகமும் முதுகும் வரைந்து தருகிறவன். முதுகு என்று சும்மா சொல்லவில்லை. ஆடுகிறவர்கள் தங்கள் பாத்திரத்தைப் பெரும்பாலும் பின்னாலிருந்துதான் பார்க்கிறார்கள், அதனால் முகத்தைவிட முதுகுக்குத்தான் பாடு அதிகம். இந்த விஷயத்தைத் தவிர அங்கே நடக்கிற வேறெதுவும் அவனுக்கு முழுசாகப் புரிந்ததில்லை.

வேலைக்குச் சேரும் அன்று 'பிறப்புக்கதை' சொல்ல வேண்டும் என்பது அந்த இடத்துச் சடங்கு. கூட்ட அறையின் நடுவில் பிளாஸ்டிக் புல் விரித்திருப்பார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு அதில் ஏறி நின்று, தன் குடும்பத்தில் ஓடுகிற மாயசக்தி என்ன என்று எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். அவனோடு சேர்ந்த பெண், தன் அம்மா நட்சத்திரங்களை ஆராய்கிறவர் என்றாள். இன்னொருவன், தன் மாமா வயலின் செய்கிறவர் என்றான். நம் ஆளுக்குக் குடும்பம் என்று இருந்தது ஓர் அண்ணனும் அண்ணியும் அவர்கள் பெண் குழந்தையும்தான். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். வேறெங்கோ இல்லை, அதே கட்டிடத்தின் லிஃப்டுகளைப் பார்த்துக்கொள்வது அவர்தான். இங்கே ஓவியம் வரைய ஆள் எடுக்கிறார்கள் என்ற செய்தியே, லிஃப்டுக்குள் ஒட்டியிருந்த நோட்டீஸைப் படித்துவிட்டு அவர் ஓடிவந்து சொன்னதுதான்.

புல்லில் ஏறி நின்றபோது இவன் வாயிலிருந்து வந்தது வேறு.

"எங்க அண்ணன் வெளிநாட்டுல இருக்காரு. பெரிய பெரிய பாலம் கட்டுறாரு."

அங்கே கை தட்டுகிற வழக்கம் கிடையாது. இலைதான் ஆட்டுவார்கள். ஆளுக்கு இரண்டு இலை கொடுத்திருப்பார்கள், பச்சை இலையை ஆட்டினால் சம்மதம், காய்ந்த இலையை ஆட்டினால் மறுப்பு. இரண்டுமே பிளாஸ்டிக். அன்று அறை முழுக்கப் பச்சை இலை ஆடியது. இவனுக்குக் காது மடல் எரிந்தது.

அதற்கடுத்த வாரமே கீழ்த்தளத்தில் ஸ்டூல் போட்டு ஏறி நின்று லிஃப்ட் கதவுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார் அண்ணன். இவன் சக ஊழியர்களோடு டீ குடிக்கப் போய்க்கொண்டிருந்தான். இவனைப் பார்த்ததும் அவர் முகமெல்லாம் பல்லாக, கையிலிருந்த ஸ்பானரைத் தூக்கி ஆட்டினார். இவன் செல்போனை எடுத்துக் குனிந்தான். அதில் பார்க்க ஒன்றுமே இல்லை. குனிந்த தலையோடு அவரைத் தாண்டிப் போனான். அன்று சாயங்காலம் வீட்டில் அண்ணன் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. அதற்கப்புறம் ஸ்பானரையும் ஆட்டவில்லை. கேட்டு ஒரு திட்டுத் திட்டியிருந்தால் தேவலையே என்று இவன் பல நாள் புழுங்கினான். அண்ணன் வேலைக்கு வருகிற நாட்களில் லிஃப்டில் ஏறாமல் படிக்கட்டிலேயே உச்சி வரைக்கும் போனான். படியேறியதில் உடம்பு இளைத்தது. அதைப் பார்த்துக் கம்பெனியில் எல்லோரும் பாராட்டினார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் ட்ரூயிட் வந்து சேர்ந்தார்.

ட்ரூயிட் என்றால், அந்தக் காலத்துக் காட்டுச் சாமியார் மாதிரி ஒரு மந்திரவாதி. மரம் அவர் சொன்னபடி வளையும், மிருகம் அவரிடம் வந்து பேசும், தேவைப்பட்டால் அவரே கரடியாக மாறி நாலு பேரை அடிப்பார். புதிய விளையாட்டில் அவர்தான் கதாநாயகர். அவரை வடிவமைக்கிற பொறுப்பு நம் ஓவியன் தலையில் விழுந்தது. அவன் தனியாக வரைந்துவிடக் கூடாதே என்று, மேற்பார்வைக்கு 'இயற்கைப் பேரவை' என்று ஒரு குழுவைப் போட்டார்கள்.

பேரவையில் பேசுகிறவர்கள் மூன்று பேர், மற்றவர்கள் இலை ஆட்டுகிறவர்கள். முதலாமவர் கம்பெனியின் தலைவர். இரண்டாவது ஆள் கதைக் காப்பாளர் என்ற அம்மாள், விளையாட்டில் வரும் கல்லுக்கும் மண்ணுக்கும்கூட முன்கதை எழுதி வைத்திருப்பவர், எதைச் சொன்னாலும் கண் கலங்குவார். மூன்றாவது வக்கீல். அவர் எதற்கும் கலங்குவதில்லை.

தலைவர் பேரவையைத் தொடங்கிவைத்துப் பேசினார்.

"நாம இங்க வியாபாரம் பண்ண வரல. காட்டுக்கு ஒரு குரல் கொடுக்க வந்திருக்கோம். அந்தக் குரலைக் கேக்கணும்னா ஜனங்க மாசாமாசம் ஒரு சின்ன சந்தா கட்டினா போதும். நான் இதுவரைக்கும் ஒரு காட்டுக்கும் போனதில்ல. ஏன் போகல? போனா அங்க கொசு இருக்கும், சேறு இருக்கும். அப்புறம் நம்ம கற்பனைல இருக்கற காடு கெட்டுப் போயிடும். சுத்தமான காட்டை மனசுல வச்சிருக்கறவன் நான்!"

பச்சை இலைகள் ஆடின.

இயற்கையைத் தொட்டுவிட்டுத்தான் கூட்டத்துக்கு வர வேண்டும் என்று அடுத்த உத்தரவு வந்தது. சுற்றுவட்டாரத்தில் தொட வாகாக மரம் இல்லை. ஆகவே லிஃப்டுக்கு எதிரே இருந்த சிமெண்டுத் தூணுக்கு மரப்பட்டை அச்சடித்த தாளைச் சுற்றி ஒட்டினார்கள். கூட்டத்துக்கு வருகிற ஒவ்வொருவரும் அந்தத் தூணைக் கட்டிப்பிடித்துக் கண்ணை மூடி, அது சொல்வதைக் கேட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். 'தூண்' என்று வாய் தவறிச் சொன்ன ஒருத்தரை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள்.

ஒரு நாள் நம் ஆள் தூணைக் கட்டிக்கொண்டு, கன்னத்தைத் தாளில் பதித்து நின்றிருந்தபோது எதிரே லிஃப்ட் கதவு திறந்தது. உள்ளே கருவிப் பையோடு அண்ணன் நின்றிருந்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கதவு மெதுவாக மூடிக்கொண்டது. சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தபோது அண்ணன் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஆபீஸ்ல ஏதாச்சும் மனக்கஷ்டமா டா?"

"இல்லண்ணே. அது ஆபீஸ் வேலைதான்."

"தூணைப் பிடிக்கறதா?"

"மரம்ணே அது."

அண்ணன் சற்று யோசித்தார். "சம்பளம் ஒழுங்கா வருதுல்ல?" என்று கேட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தொடர்ந்தார்.

கொம்பைப் பற்றி முதல் கூட்டம் நடந்தது. ட்ரூயிட் தலையில் மான்கொம்பு இருக்க வேண்டும் என்பதில் தகராறு இல்லை, கிளை எத்தனை என்பதில்தான்.

"கொம்பு கொம்பு இல்ல, அது அவரோட வலி. வலிக்கு எத்தனை கிளைன்னு நம்மால எப்படி எண்ண முடியும்?" என்று கதைக் காப்பாளர் மூக்கை உறிஞ்சினார்.

"விளையாட்டுல கதவெல்லாம் குறுகலா இருக்கு மேடம்," என்றான் ஓவியன். "கொம்பு பெரிசானா கதவுக்குள்ள நுழைய மாட்டாரு."

தலைவர் மேசையைத் தட்டினார். "பிரச்சினையே இல்ல. சின்னக் கொம்பு எல்லாருக்கும் இலவசம். பெரிய வலி வேணும்ங்கறவங்க தனியா வாங்கிக்கட்டும்."

பிறகு கரடிக் கூட்டம். ட்ரூயிட் கரடியாக மாறும்போது அவர் போட்டிருக்கிற அங்கி எங்கே போகிறது என்று யாரோ வேலையற்றுக் கேட்டுவிட்டார்கள். வக்கீல் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கரடி துணியில்லாம இருக்கலாம், சட்டத்துல தடை இல்ல. ஆனா அது திரும்ப மனுஷனாகும்போது துணியில்லாம இருந்தா அது கரடியா மனுஷனாங்கற கேள்வி வரும்," என்றார். அந்தக் கேள்வியைச் சமாளிக்க ஒரு மாதம் முழுக்கக் கூடிப் பேசினார்கள். அங்கி காட்டோடு கலந்துபோய்ப் பின்பு காட்டிலிருந்தே திரும்பி வருகிறது என்று கடைசியில் முடிவானது. அப்படியானால் அங்கிக்கும் ஒரு பிறப்புக்கதை வேண்டுமே என்று கதைக் காப்பாளர் அழுதார். எழுதினார்கள்.

இத்தனை கூத்தும் கழுத்துக்குக் கீழேயும் நெற்றிக்கு மேலேயும் நடந்துகொண்டிருக்க, நடுவில் இருந்த முகத்தை யாரும் கண்டுகொள்ளவில்லை. அங்கேதான் வினை.

இந்தத் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. உடம்பை வரைந்து முடிக்கிற வரைக்கும் முகத்துக்கு ஏதோ ஒரு முகத்தைத் தற்காலிகமாக ஒட்டி வைப்பார்கள். அவசரத்துக்குக் கிடைத்த முகம், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று. நம் ஆள் அண்ணன் முகத்தை ஒட்டி வைத்தான். அண்ணனுக்குக் கொஞ்ச வருஷமாகவே நெஞ்சு வரைக்கும் தாடி. லிஃப்ட் குழிக்குள் நின்று எப்போதும் மேலே அண்ணாந்து பார்த்துப் பழகியதால் கண் ஓரத்தில் சுருக்கமும், எங்கோ தூரத்தைப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வையும் வந்திருந்தது. காட்டுச் சாமியாருக்கு அச்சு அசலாகப் பொருந்தியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மொட்டை மாடியில் நிறுத்தி, முன்னால் பின்னால் பக்கவாட்டில் என்று படம் எடுத்தான். அண்ணன் அன்று இரண்டு தடவை முகம் கழுவி, விசேஷத்துக்கென்று எடுத்து வைத்திருந்த சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார்.

"என்ன, ரெண்டாவது கல்யாணமா?" என்றார் அண்ணி துணி உலர்த்திக்கொண்டே.

"சும்மா இருடி. கம்ப்யூட்டர்ல வரப்போறேன்." அண்ணன் தாடியை நீவினார். "நம்ம மூஞ்சியை எவன்டா பாக்கப்போறான்?"

"முதுகைத்தான்ணே அதிகமா பாப்பாங்க."

"அப்ப நல்லதாப் போச்சு," என்று அவர் விறைப்பாகத் திரும்பி நின்றார். சிரிக்கணுமா கூடாதா என்று முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டார்.

தற்காலிக முகத்தை மாற்றுவதற்குள் இறுதிக் கூட்டம் வந்துவிட்டது. திரையில் ட்ரூயிட் மெல்லச் சுழன்று திரும்பினார். சின்னக் கொம்பு, காட்டோடு கலக்கும் அங்கி, நடுவில் அண்ணன் முகம். கதைக் காப்பாளர் இம்முறை சத்தமாகவே அழுதார்.

"இந்தக் கண்ணு! இந்தக் கண்ணு காட்டையே பாத்த கண்ணு! கட்டிடம்னா என்னன்னே தெரியாத கண்ணு!"

ஒரு காய்ந்த இலைகூட ஆடவில்லை. எல்லோரும் பச்சை இலை ஆட்டிவிட்டால் அந்தப் பகுதிக்கு முத்திரை விழும், பிறகு வரைந்தவனே நினைத்தாலும் தொட முடியாது. முகத்துக்கு முத்திரை விழுந்தது. 'சார், அது தற்காலிகம்' என்று சொல்ல வாயெடுத்தவனைத் தலைவர் தோளில் தட்டி நிறுத்தினார்.

"எங்கய்யா பிடிச்சீங்க இந்த முகத்தை? யாரையாவது பாத்து வரைஞ்சதா?"

அந்தக் கேள்வியில் ஒரு பள்ளம் இருந்தது. அந்தக் கம்பெனியின் பெருமையே, அவர்கள் முகங்கள் ஒன்றுகூட உயிருள்ள மனிதர்களைப் பார்த்து வரைந்ததில்லை என்பதுதான். விளம்பரத்தில் அதைத்தான் போடுவார்கள். வெளியாள் முகத்தை எடுத்து ஒட்டினால் அன்றே சீட்டுக் கிழியும் என்று வேலையில் சேரும்போதே கையெழுத்து வாங்கியிருந்தார்கள்.

"இல்ல சார். என் கற்பனைதான்."

மறுநாளிலிருந்து அவனுக்கு 'முகங்களின் தந்தை' என்று அட்டை கொடுத்தார்கள்.

இது இதோடு போயிருக்கும். விளையாட்டு வெளிவரக் கொஞ்ச நாளே இருந்தபோது, தலைவர் தனியாக ஏறிய லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டது. விளக்கும் அணைந்தது. சுத்தமான காட்டை மனசில் வைத்திருந்தவர் இருட்டில் தரையில் உட்கார்ந்து அம்மாவைக் கூப்பிட்டார். கொஞ்ச நேரத்தில் கூரைப் பலகை நகர்ந்தது. மேலிருந்து டார்ச் வெளிச்சமும், வெளிச்சத்துக்கு நடுவே நீண்ட தாடியும், தூரத்தைப் பார்க்கிற இரண்டு கண்களும் இறங்கி வந்தன.

"பயப்படாதீங்க சார். கையைக் கொடுங்க."

தலைவர் கையைக் கொடுக்கவில்லை, கும்பிட்டார். வெளியே தூக்கிவிட்ட பிறகும் நெடுநேரம் கும்பிட்டுக்கொண்டேயிருந்தாராம்.

மறுநாள் அவசரக் கூட்டம். நம் ஆள் தூணைக் கட்டிப்பிடித்தபோது உண்மையாகவே ஏதாவது சொல்லுமா என்று காதை வைத்துக் கேட்டான்.

"நம்ம ட்ரூயிட் உயிரோட வந்துட்டாரு," என்றார் கதைக் காப்பாளர். "நாம அவ்வளவு ஆழமாப் படைச்சிருக்கோம். படைப்பு திரையைக் கிழிச்சுக்கிட்டு வெளிய வந்து, முதல்ல தன்னைப் படைச்ச தலைவரைக் காப்பாத்தியிருக்கு."

வக்கீல் தொண்டையைச் செருமினார். "அப்படியும் இருக்கலாம். இல்லன்னா, லிஃப்ட் ரிப்பேர் பண்ற ஆளு நம்ம கம்ப்யூட்டர்ல இருந்து முகத்தைத் திருடிப் போட்டுக்கிட்டிருக்கலாம். எப்படிப் பாத்தாலும் வெளிவராத ஒரு கதாபாத்திரத்தோட முகம் இந்தக் கட்டிடத்துல அனுமதி இல்லாம மாடி மாடியா ஏறி இறங்கிட்டிருக்கு. ஆளைக் கூப்பிடுங்க."

அண்ணனைக் கூப்பிட்டு வந்தார்கள். கருவிப் பையை வாசலிலேயே வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றி, பிளாஸ்டிக் புல்லை மிதிக்கலாமா என்று தயங்கி ஓரமாக நின்றார். ஓவியனை ஒரு தரம் பார்த்தார். தெரிந்தவர் மாதிரி காட்டிக்கொள்ளவில்லை.

"இந்த முகம் உங்ககிட்ட எவ்வளவு காலமா இருக்கு?" என்று வக்கீல் கேட்டார்.

"பொறந்ததுல இருந்துங்க."

"ஆதாரம் இருக்கா?"

அண்ணன் சட்டைப் பையைத் துழாவித் தன் வேலை அட்டையை எடுத்து நீட்டினார். பழைய அட்டை. அதில் இருந்த படத்தில் அவருக்குத் தாடி இல்லை, வழவழவென்ற முகம். வக்கீல் அட்டையைத் திரையிலிருந்த ட்ரூயிடுக்குப் பக்கத்தில் பிடித்து மாறி மாறிப் பார்த்தார். அவர் முகத்தில் முதல் தடவையாக ஒரு சந்தோஷம் தெரிந்தது.

"தெளிவாயிடுச்சு. தாடி இல்லாத முகம் இவருது, அதுக்கு ஆதாரம் இருக்கு. தாடியோட இருக்கற முகத்துக்கு இவர்கிட்ட எந்த ஆதாரமும் இல்ல. தாடியோட இருக்கற முகத்துக்கு ஆதாரம் நம்மகிட்டதான் இருக்கு, முத்திரை போட்ட தேதியோட. அதனால தாடி கம்பெனிக்குச் சொந்தம்."

"என்னோட தாடிங்க," என்றார் அண்ணன் குழப்பத்தோடு. "வளர்த்தது நான்."

"வளர்த்தது நீங்க. படைச்சது யாரு?" தலைவர் திரும்பினார். "முகங்களின் தந்தையே எதிர்ல உக்காந்திருக்காரு, கேட்டுடுவோம். ஓவியரே, இது முழுக்க உங்க கற்பனைதானே? இவரை இதுக்கு முன்னாடி நீங்க பாத்ததில்லையே?"

அறையில் எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அண்ணன் மட்டும் பார்க்கவில்லை. அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார், இவனுக்குச் சங்கடம் வரக் கூடாதே என்று நிற்பது போல இருந்தது. அம்மா அப்பா போன பிறகு தன்னைக் கைப்பிடித்துப் பள்ளிக்கூடத்தில் விட்டு, வரைகிற பைத்தியம் பிடித்த பையனுக்கு வண்ணப்பெட்டி வாங்கிக் கொடுத்து, ஊரெல்லாம் 'என் தம்பி வரைவான்' என்று சொல்லித் திரிந்த மனுஷன். ஒரே ஒரு வார்த்தை போதும். அண்ணன் என்ற வார்த்தை. ஆனால் சொல்லிவிட்டால்? சீட்டுக் கிழிந்துவிடும். பாலம் கட்டுகிற அண்ணனும் சேர்ந்து இடிந்து விழுவார். எல்லோரும் சிரிப்பார்கள்.

"ஆமா சார்," என்றான். "பாத்ததில்ல."

பச்சை இலைகள் ஆடின. கதைக் காப்பாளர் அண்ணன் கையிலும் ஒரு பச்சை இலையைத் திணித்தார். அவரும் என்ன ஏது என்று தெரியாமல் ஆட்டினார். தன் தாடி தனக்குச் சொந்தமில்லை என்ற தீர்மானத்துக்கு அவர் சம்மதமும் அப்படிப் பதிவாகிவிட்டது.

விளையாட்டு வெளிவரும் வரைக்கும் தாடி இருக்கக் கூடாது. வெளிவந்த பிறகு வளர்த்துக்கொள்வதானால் கம்பெனியிடம் அனுமதி வாங்க வேண்டும். மறுத்தால் அவருடைய லிஃப்ட் கம்பெனிக்குக் கடிதம் போகும். வக்கீல் இதையெல்லாம் மூச்சு விடாமல் சொன்னார். தலைவர் கடைசியில் மனம் இளகினார்.

"கவலைப்படாதீங்க. உங்களால இயற்கைக்கு ஒரு நல்லது நடந்திருக்குன்னு நெனச்சுக்கோங்க."

"சரிங்க. எடுத்துடறேன்," என்றார் அண்ணன். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டபோதும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் இவன் வேண்டுமென்றே தாமதமாக வீட்டுக்குப் போனான். போனபோது அண்ணன் குளியலறைக் கண்ணாடி முன்னால் கத்தரிக்கோலோடு நின்றிருந்தார். தாடி கொத்துக் கொத்தாகத் தொட்டியில் விழுந்தது. அண்ணி கதவோரம் நின்று கத்திக்கொண்டிருந்தார்.

"நான் எத்தனை தடவை தலைபாடா அடிச்சுக்கிட்டேன், எடுங்க எடுங்கன்னு! அப்பல்லாம் எடுக்காத மனுஷன், இப்ப எவ சொல்லி எடுக்கறீங்க?"

"மோட்டார்ல சிக்குதுடி. ஆபத்து."

"இத்தனை வருஷமா சிக்காததா?"

"இப்பதான் சிக்க ஆரம்பிச்சிருக்கு." கண்ணாடியில் தம்பி நிற்பது தெரிந்ததும் அவர் கையிலிருந்த கத்தரிக்கோல் நின்றது. "சாப்ட்டியா டா?"

"அண்ணே..."

"போய்ச் சாப்பிடு. ஆறிடப் போகுது."

குழந்தை ஓடிவந்து அப்பாவைப் பார்த்துவிட்டு வீறிட்டு அழுதது. பிறந்ததிலிருந்து அவளுக்குத் தெரிந்தது தாடி வைத்த அப்பாதான். அவர் குரல் கொடுத்துப் பார்த்தார், குரல் அப்பாவுடையதாகவும் முகம் வேறு யாருடையதாகவும் இருந்ததில் அவள் இன்னும் பயந்து போனாள். நேரே ஓடிப்போய்ச் சித்தப்பாவின் காலைக் கட்டிக்கொண்டாள். அண்ணி அண்ணனையும் இவனையும் மாறி மாறிப் பார்த்தார். "அட, எடுத்ததும் ரெண்டு பேரும் ஒரே அச்சால்ல இருக்கீங்க," என்றார்.

அது உண்மைதான். இத்தனை காலமும் அந்தத் தாடிதான் இரண்டு பேரையும் பிரித்துக் காட்டியிருந்தது. அதே தாடை, அதே வாய், பேசுவதற்கு முன் அதே மாதிரி ஒருபக்கமாகக் கோணுகிற உதடு. இவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். மன்னிச்சுடுண்ணே என்று மனசுக்குள் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தான். ஒவ்வொரு தடவையும் அண்ணன் முந்திக்கொண்டு எதையாவது பேசினார். தண்ணி எடுத்துக்கோ என்றார், ஃபேனைக் கூட்டிவை என்றார், நாளைக்கு மழை வருமாம் என்றார். மன்னிப்புக் கேட்கிற சங்கடம்கூடத் தம்பிக்கு வேண்டாம் என்று அவர் நினைத்தது இவனுக்கு நன்றாகத் தெரிந்தது. அந்தக் கருணைதான் செருப்படியைவிட வலித்தது. தன்னைப் போல ஒரு ஈனப்பிறவி இருக்க முடியாது என்று நினைத்தபடி கையைக் கழுவினான்.

மறுநாள் காலையில் படிக்கட்டுப் பக்கம் ஒதுங்கியவனைத் தலைவர் பிடித்துக்கொண்டார். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவர் தனியாக லிஃப்டில் ஏறுவதில்லை. யார் கிடைத்தாலும் துணைக்கு இழுத்துக்கொண்டு ஏறுவார்.

"வாங்க ஓவியரே, சேந்தே போவோம். பேசிக்கிட்டே போனா தெரியாது."

கதவு திறந்தது. உள்ளே அண்ணன் பொத்தான் பலகையைக் கழற்றிப் பார்த்துவிட்டு மறுபடி பொருத்திக்கொண்டிருந்தார். மழித்த தாடையில் சின்னதாக ஒரு வெட்டுக்காயம். வெயிலே படாத அந்த இடம் மட்டும் வெளிறிக் கிடந்தது. இருவரும் உள்ளே ஏறினார்கள். லிஃப்டின் சுவர்கள் மூன்றும் கண்ணாடி. எந்தப் பக்கம் திரும்பினாலும் அண்ணன் முகத்துக்குப் பக்கத்தில் தம்பி முகம்.

தலைவர் ஒரு கண்ணாடியைப் பார்த்தார், பிறகு இன்னொன்றை. அவர் புருவம் ஏறியது.

"என்னய்யா இது? ரெண்டு பேரும் அப்படியே உரிச்சு வச்ச மாதிரி இருக்கீங்க! இவரு உங்களுக்கு..."

ஓவியன் வாயைத் திறந்தான். ஆமா என்று சொல்லத்தான் திறந்தான் என்று பிற்பாடு பலமுறை தன்னையே நம்பவைக்கப் பார்த்திருக்கிறான். அது உண்மையா என்று அவனுக்கே தெரியாது. ஏனென்றால் அண்ணன் அவனை முந்திக்கொண்டார்.

"இல்லீங்க சார்," என்றார் சட்டென்று. சிரித்துக்கூட வைத்தார். "மழிச்சுட்டா எல்லா மூஞ்சியும் ஒண்ணுதானுங்களே."

"அதுவும் சரிதான்," என்று தலைவர் சமாதானமாகிவிட்டார். "தாடியில்லாம உங்ககிட்ட விசேஷமா ஒண்ணும் இல்லய்யா. தப்பா நினைச்சுக்காதீங்க."

"இதுல தப்பா நினைக்க என்னங்க இருக்கு."

அண்ணன் ஸ்க்ரூ டிரைவரைப் பைக்குள் போட்டுவிட்டுப் பொத்தான்களின் பக்கம் நின்றார்.

"உங்களுக்கு மேல கடைசி மாடிதானுங்க சார்?" என்று தலைவரைக் கேட்டு அழுத்தினார். பிறகு, தூக்கி வளர்த்த தம்பியின் பக்கம் திரும்பினார். கண்ணைப் பார்க்காமல், அவன் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்துக் கேட்டார்.

"சாருக்கு எந்த மாடிங்க?"

அவன் மாடியைச் சொன்னான்.